பெருவிலங்கு வேட்டைக்கு வில்லும் அம்பும் தேர்ந்தெடுக்கும் முறை: முனையிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் வீரனின் கையில் இருக்கும் வில்லின் மேல்தான் விழும். சற்று நின்று பார்த்தால்தான் சில கற்களில் அவன் உடலில் தைத்து நிற்கும் அம்புகள் தெரியவரும்; அவன் உயிரைக் கொண்டுபோனவை அவைதாம். வில் வாங்கப் போகும் புதியவரும் இப்படியே வில்லின் வேகத்தையும் விலையையும் நிறத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்துவிட்டு, மிஞ்சிய பணத்துக்கு எந்த அம்பு கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்கிறார். காகிதக் குறியில் பழகுபவருக்கு இதனால் சில புள்ளிகள் குறையும், அவ்வளவுதான். 700 கிலோ எடையுள்ள எருமையின் முன் நிற்பவர் இதே தவறைச் செய்தால், அந்த விலங்கு உள்ளே தைத்த அம்போடு நாள்கணக்கில் வதைபடும். அல்லது திரும்பி வந்து அவரையே முட்டிச் சாய்க்கும்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் பல ஆண்டுகளாக வில்வித்தை கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் பழகி, பிறகு வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன பிள்ளைகள், "மாஸ்டர், இங்கே எருமை வேட்டைக்கு அனுமதி தருகிறார்கள், எந்த வில் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே வில்லிலிருந்து தொடங்குவதால் நான் அதைத் திருப்பிப் போட்டு, அம்பின் முனையிலிருந்து பதில் சொல்வது வழக்கம். அந்த வரிசையில்தான் இந்த விளக்கமும் அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன்: சட்டம்

இந்தியாவில் இது எதற்கும் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 9-ஆம் பிரிவின்படி, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. நம் காட்டி என்கிற காட்டுமாடும் யானையும் முதல் பட்டியலிலேயே உள்ளன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளின் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். ஆகவே கீழே வருபவை யாவும், உரிமம் பெற்று வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தரும் வெளிநாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

படி 1: எந்த விலங்கு என்று முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்கக் காட்டெருமையின் கடா 500 முதல் 900 கிலோ வரை இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் திரியும் நீர் எருமைகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலில் கொண்டுவரப்பட்டுப் பின் காட்டில் பெருகியவை. அவற்றின் கடாக்களும் அதே அளவு, சில அதற்கு மேலும். இவற்றின் தோல் தடிமன். விலா எலும்புகள் அகலமாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே அம்பு நழுவிப் போகும் என்று நம்பியிருக்க முடியாது. எலும்பில் பட்டே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அம்பின் குறைந்தபட்ச எடையையும் ஆற்றலையும் வரையறுத்துள்ள நாடுகள் உண்டு. அந்த அளவுகளை உள்ளூர் வனத்துறையிடமோ உங்களோடு வரப்போகும் தொழில்முறை வேட்டை வழிகாட்டியிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் அவை அடித்தளம் மட்டுமே; அதற்கு மேலேதான் நாம் நிற்க வேண்டும்.

படி 2: முனை

பெருவிலங்குக்கு இரண்டு அலகுள்ள (அலகு என்பது முனையின் வெட்டும் தகடு), அசையாத, திடமான எஃகு முனை ஒன்றே போதும். உடலில் பட்டதும் விரியும் இயந்திர முனைகளை அறவே தவிர்த்துவிடுங்கள். விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிவிடும், கனமான எலும்பில் பட்டால் அலகு மடங்கியும் போகும். மூன்று, நான்கு அலகு முனைகள் மானுக்குச் சரி. எருமைக்கு அவை உள்ளே போகும் ஆழத்தைக் குறைத்துவிடும்.

முனையின் நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு அருகில் இருப்பது நல்லது. அகலம் 28 மில்லிமீட்டர் என்றால் நீளம் 80-க்கு மேல் இருக்கட்டும். குறுகி நீண்ட ஆப்பு மரத்தைப் பிளப்பது எளிது என்று விறகு வெட்டத் தெரிந்த எவரும் சொல்வார்; இங்கும் அதே கணக்குதான்.

அடுத்து அலகின் சாணை. இருபுறமும் தீட்டிய அலகு நேராகப் போகும். ஒருபுறம் மட்டும் சாய்வாகத் தீட்டிய அலகு, திசுவைக் கிழித்து நுழையும்போதே சுழலும். எலும்பைத் தொட்டதும் அந்தச் சுழற்சியால் அதை முறுக்கிப் பிளக்கும். இதைத் தேர்ந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: வலச்சாய்வு அலகுக்கு வலமாகச் சுழற்றும் இறகும், இடச்சாய்வுக்கு இடமாகச் சுழற்றும் இறகும்தான் பொருந்தும். மாற்றி ஒட்டினால் காற்றில் ஒரு திசையில் சுழன்று வந்த அம்பு, உடலுக்குள் நுழைந்ததும் நின்று எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும்.

கூர்மையைச் சோதிக்க, ஒரு ரப்பர் வளையத்தை அட்டையின் மேல் இழுத்து மாட்டி, அலகை அதன் மேல் மெல்ல வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தொட்டதும் அறுந்தால் சரி. ரப்பர் அமுங்கி நகர்ந்தால் மீண்டும் சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். புதிதாக வாங்கிய முனையும் இந்தச் சோதனையில் தேறும் என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த முனைகளை நான் எப்போதும் மறுபடி தீட்டியே பயன்படுத்துகிறேன்.

படி 3: முனையும் தண்டும் சேரும் இடம்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கார்பன் தண்டின் வாய்க்குள் பொருத்தும் சிறு உலோகச் செருகியில்தான் முனை திருகப்படுகிறது. மலிவான அம்புகளில் அது அலுமினியமாக இருக்கும்.

ஒருமுறை ஓசூர் இறைச்சிக் கடை ஒன்றில் எருமையின் தோள்பட்டை எலும்பை வாங்கிவந்து, தென்னை நார் திணித்த சாக்கு மூட்டையின் முன்னால் கட்டித் தொங்கவிட்டு, 15 மீட்டரிலிருந்து எய்து பார்த்தோம். நாங்கள் குறிப்பயிற்சிக்கு வைத்திருந்த 26 கிராம் அம்பு 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தபோது முனைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் செருகி ஒரு பக்கமாக வளைந்து, தண்டின் வாய் வாழைத்தண்டைப்போல் நார் நாராகப் பிரிந்து விரிந்திருந்தது. முன்னே போக வேண்டிய விசை முழுவதும் அந்த இரண்டு சென்டிமீட்டரிலேயே செலவழிந்திருந்தது. அதே வில்லில், எஃகுச் செருகியும் தண்டின் வாயை வெளியிலிருந்து கவ்வும் உலோகக் கப்பும் போட்ட 52 கிராம் அம்பை எய்தபோது, எலும்பில் நீள விரிசல் விட்டு, முனை மறுபக்கம் வந்து சாக்குக்குள் கைச்சாண் ஆழம் புகுந்து நின்றது.

எனவே எஃகு அல்லது பித்தளைச் செருகி, வெளிக் கப்பு, இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் நல்ல எபாக்ஸி பசை ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒட்டி முடித்ததும் முனையை ஒரு மரப்பலகையின் மேல் ஊன்றி, அம்பைப் பம்பரம்போல் சுழற்றுங்கள். துளியும் தள்ளாடாமல் சுழன்றால்தான் அது நேராக அமைந்திருக்கிறது.

படி 4: தண்டு

தண்டின் விறைப்பை 'ஸ்பைன்' என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறது என்பதுதான் அந்த எண். 500 என்றால் அரை அங்குலம். எண் சிறிதானால் தண்டு விறைப்பு. முன்பக்கம் கனம் ஏற ஏற, நாண் தள்ளும்போது தண்டு கூடுதலாக வளையும் என்பதால், பெருவிலங்கு அம்புக்கு வழக்கத்தைவிட விறைப்பான 250 அல்லது 200 எண்ணுள்ள தண்டுகள் தேவைப்படும். தண்டின் பருமன் முனையின் கழுத்தைவிடச் சிறிதாக இருந்தால், முனை திறந்த வழியில் உராய்வு குறைந்து தண்டு பின்தொடரும்.

கார்பன் தண்டை ஒவ்வொரு முறை நாணில் ஏற்றும் முன்பும் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நெரியும் சத்தம் கேட்டாலோ விரலில் சிலும்பு தட்டினாலோ அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு எய்யும்போது நொறுங்கினால், வில்லைப் பிடித்திருக்கும் உங்கள் கைக்குள்ளேயே பாயும்.

படி 5: எடையும் சமநிலையும்

அம்புக் கடைகளில் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 100 கிரெயின் ஏறத்தாழ ஆறரை கிராம். வேட்டை அம்புகள் எலும்பை எவ்வாறு கடக்கின்றன என்று 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட் ஆஷ்பி, கனமான எலும்பை நம்பகமாகக் கடக்க 650 கிரெயின், அதாவது 42 கிராம், ஓர் எல்லை என்று முன்வைத்தார். எருமைக்கு நான் 45 முதல் 58 கிராம் வரை சொல்வேன்.

'கனமான அம்பு மெதுவாகப் போகுமே' என்று உடனே கேட்பார்கள். உண்மைதான், கணக்கையும் பாருங்கள். ஒரே வில்லிலிருந்து 26 கிராம் அம்பு நொடிக்கு 88 மீட்டர் வேகத்திலும், 52 கிராம் அம்பு 65 மீட்டர் வேகத்திலும் புறப்படுவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் 101 ஜூல், 110 ஜூல் என்று கிட்டத்தட்ட சமமாக வரும். ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் உந்தம், முன்னதற்கு 2.3, பின்னதற்கு 3.4, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தடை எதிர்ப்பட்டாலும் நிற்காமல் முன்னேறுவது இந்த உந்தத்தால்தான். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் ஊடுருவி உடும்பில் போய்த் தைத்ததாகப் பாடியவர், வியந்ததும் ஊடுருவலைத்தான், வேகத்தை அல்ல.

எடை முன்பக்கம் கூடியிருக்க வேண்டும். அம்பை விரல்மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். நாண் பள்ளத்திலிருந்து தண்டின் முன்வாய் வரை 75 சென்டிமீட்டர் என்றால் நடுப்புள்ளி 37.5, சமநிலைப் புள்ளி 52-இல் விழுந்தால் வித்தியாசம் 14.5, அதாவது நீளத்தில் 19 விழுக்காடு. சாதாரண அம்புகளில் இது 10 முதல் 15 வரை இருக்கும். 19-ஐத் தாண்டினால் அம்பு முன்னிழுவையால் நேராகச் செல்லும், எலும்பில் பட்டதும் வால் ஆடுவது குறையும்.

படி 6: இப்போது வில்

மேலே சொன்ன அம்பைத் தள்ளக்கூடிய வில் எது என்பதே கேள்வி. புதியவருக்கு, நுனிகளில் சக்கரங்கள் உள்ள காம்பவுண்டு வில்தான் என் பரிந்துரை; 70 பவுண்டு வில்லை, அதாவது நாணை இழுக்க 70 பவுண்டு விசை கேட்கும் வில்லை, முழுதாக இழுத்தபின், 80 விழுக்காடு சுமை தளர்ந்து 14 பவுண்டுதான் கையில் நிற்கும் என்பதால் நிதானமாகக் குறிபார்க்க முடியும். இரு கைகளையும் விரித்து விரல்நுனிகளுக்கிடையே அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுநீளம், அதாவது நீங்கள் நாணை இழுக்கும் நீளம், தோராயமாகக் கிடைக்கும்; 178 சென்டிமீட்டர் என்றால் சுமார் 71, அதாவது 28 அங்குலம்.

எருமைக்கு 70 பவுண்டும் அதற்கு மேலும் வேண்டும். ஆனால் உங்களால் இழுக்க முடிந்த இழுவிசையே உங்கள் வில்லின் அளவு. நாற்காலியில் அமர்ந்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக நீட்டியபடி நடுக்கமின்றி இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறைத்து வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை 2 பவுண்டாக ஏற்றுங்கள். அவசரப்பட்டுத் தோள்மூட்டைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள். வில் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

படி 7: சரிபார்த்தலும் தூரமும்

ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, இரண்டு மீட்டரிலிருந்து அதன் ஊடே எய்யுங்கள். ஒரே துளையும் இறகுகளின் தடமும் மட்டும் விழுந்தால் அம்பு நேராகப் புறப்படுகிறது. நீளக் கிழிசல் விழுந்தால் ஸ்பைனையும் அம்பு தாங்கியையும் சரிசெய்ய வேண்டும். அதன்பின் பயிற்சி முனையை அல்ல, வேட்டை முனையையே மாட்டிப் பழகுங்கள்.

கனமான அம்பு வளைந்து விழும் என்பதால் தூரத்தை மட்டுமீறி நீட்டக் கூடாது. 25 மீட்டருக்குக் குறி வைத்து, விலங்கு உண்மையில் 30 மீட்டரில் நின்றால், மேலே சொன்ன 52 கிராம் அம்பு சுமார் 17 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். எருமையின் இதயம் மார்புக்கூட்டின் அடியில் இருப்பதால், அந்த 17 சென்டிமீட்டரில் அம்பு காலிலோ வெறும் சதையிலோ தைக்கும். ஆகவே தூரமானியால் அளக்காமல் எய்யாதீர்கள். 25 மீட்டரைத் தாண்டினால் வில்லை இறக்கிவிடுங்கள். தோப்பில் எய்யும் முதல் அம்பு, உடல் சூடேறும் முன், தொடர்ந்து இருபது காலைகள் ஒரு தேங்காய் அகலத்துக்குள் விழுந்த பிறகு வழிகாட்டிக்குத் தொலைபேசியில் பேசி நாள் குறிக்கலாம்.