டிக்ஷனரியில் வேல்யூ காலியாக வருகிறதா? பைத்தானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் டிக்ஷனரி என்பது ஒவ்வொரு கீயின் (பெயரின்) கீழும் ஒரு வேல்யூவை (மதிப்பை) வைத்திருக்கும் தொகுப்பு. அதிலிருந்து ஒரு வேல்யூவை எடுக்கிறோம், காலியாக வருகிறது. உடனே பலரும் கை வைப்பது, எடுக்கிற அந்த வரியில்தான். ஒரு 'இஃப்' சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு டிஃபால்ட் (மாற்று வேல்யூ) கொடுப்பார்கள். எரர் போய்விடும், பிழை அங்கேயே இருக்கும். காலி வேல்யூ பெரும்பாலும் படிக்கிற இடத்தில் பிறப்பதில்லை. எங்கோ மேலே, எழுதிய இடத்தில் பிறந்து, படிக்கும்போது கண்ணில் படுகிறது. ஆகவே தேட வேண்டியது அந்த எழுதிய வரியை.

தேடுவதற்கு முன் எந்த வகைக் காலி என்று பார்த்துவிடுங்கள். கீயே இல்லாமல் இருப்பது ஒன்று. கீ இருந்து, வேல்யூ 'நன்' (பைத்தானில் 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் வேல்யூ) ஆக இருப்பது வேறு. வெற்று ஸ்ட்ரிங், வெற்று லிஸ்ட், பூஜ்யம் எல்லாம் தனித்தனி. 'இஃப் நாட்' என்று சோதித்தால் இத்தனையும் ஒன்றாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு இடைவெளி கொண்ட ஸ்ட்ரிங் அந்தச் சோதனையில் தப்பிவிடும். பிரிண்ட் செய்தாலோ காலியாகவே தெரியும். அதனால் வெறும் பிரிண்ட் போதாது, ரெப்ர் ஃபங்ஷனைப் போட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். மேற்கோள் குறிகளோடு, உள்ளது உள்ளபடி வரும்.

கெட் மெத்தடும் அதன் டிஃபால்ட்டும்

ஊர்வாரியாக மழையளவை மில்லிமீட்டரில் வைத்திருக்கும் ஒரு டிக்ஷனரியை எடுத்துக்கொள்வோம். சதுர அடைப்பில் 'மதுரை' என்று கேட்டு, அந்தக் கீ இல்லையென்றால் 'கீ எரர்' வந்து நிரல் நின்றுவிடும். கெட் மெத்தடில் கேட்டால் ஓசையில்லாமல் 'நன்' வரும். அந்த 'நன்' நாலைந்து ஃபங்ஷன் தாண்டிப் போய், கூட்டல் நடக்கும் இடத்தில் 'டைப் எரர்' ஆக வெடிக்கும். அப்போது எரர் காட்டும் வரிக்கும் பிழைக்கும் தொடர்பே இருக்காது. கட்டாயம் இருக்க வேண்டிய கீயைச் சதுர அடைப்பில் கேட்பதே நல்லது. கெட்டைப் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் போடுவதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை.

டிஃபால்ட்டாக 0 கொடுத்தும் 'நன்' வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கீ இல்லாவிட்டால்தான் டிஃபால்ட் வரும். கீ இருந்து, அதன் வேல்யூவே 'நன்' என்றால், கெட் அந்த 'நன்'னைத்தான் தரும். கீ இல்லாவிட்டால் டிஃபால்ட்டை டிக்ஷனரியில் எழுதியும் வைக்கும் செட்டிஃபால்ட்டும் அப்படித்தான். ஜேசன் என்ற தரவு வடிவத்தில் 'நல்' என்று வரும் புலங்கள் பைத்தானில் 'நன்' ஆக மாறுவதால், ஏபிஐ-யிலிருந்து (வேறொரு நிரலிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) வரும் தரவில் இது அடிக்கடி நடக்கும்.

இதைச் சரிசெய்யப் போய் கெட்டுக்குப் பின்னால் 'ஆர்' சேர்த்து ஒரு மாற்று வேல்யூ கொடுப்பது இன்னும் மோசம். மழையே பெய்யாத ஊரின் வேல்யூ 0. 'ஆர்' அந்த 0-வையும் காலியாக எடுத்துக்கொண்டு 'பதிவு இல்லை' என்று எழுதிவிடும். மழை இல்லை என்பதும் அளக்கவே இல்லை என்பதும் ஒன்றா? 'இஸ் நன்' என்று நேரடியாகச் சோதியுங்கள். கீ இருக்கிறதா என்று அறிய 'இன்' போதும்.

ஒரே கீ மாதிரி தெரியும் இரண்டு கீகள்

பிரிண்ட் செய்தால் கீ கண்ணுக்குத் தெரிகிறது, கேட்டால் இல்லை என்கிறது. தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வகை இதுதான்.

எண் 1 வேறு, ஸ்ட்ரிங் '1' வேறு. எண்களைக் கீயாக வைத்த டிக்ஷனரியை ஜேசனாகச் சேமித்துத் திரும்பப் படித்தால் கீகள் எல்லாம் ஸ்ட்ரிங் ஆகியிருக்கும். சேமிக்கும் முன் ஓடிய அதே நிரல் பிறகு கெட்டில் ஒவ்வொரு தேடலுக்கும் 'நன்' தரும்.

எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்த கோப்பில் முதல் பத்தியின் தலைப்பு மட்டும் கிடைக்காமல் போவது இன்னொன்று. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒன்று உட்கார்ந்திருக்கும், அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். மற்ற பத்திகள் ஒழுங்காக வருவதால் சந்தேகமே வராது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் தீர்ந்தது. சிஎஸ்வி பேச்சு வந்ததால் ஒன்று: ஒவ்வொரு வரியையும் டிக்ஷனரியாகத் தரும் டிக்ட்ரீடரில் செல் காலியாக இருந்தால் வெற்று ஸ்ட்ரிங் வரும். வரியே பத்திகள் குறைந்து முடிந்திருந்தால் மிச்சத்துக்கு 'நன்' வரும். 'இஸ் நன்' சோதனை இரண்டாவதை மட்டுமே பிடிக்கும்.

தமிழில் கீ வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'கோவை' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. லென் ஃபங்ஷனில் கொடுத்தால் முதலாவது 4, இரண்டாவது 5. டிக்ஷனரிக்கு இவை இரண்டு வெவ்வேறு கீகள். ரெப்ர் கூட இங்கே உதவாது, இரண்டையும் 'கோவை' என்றே காட்டும். ஆஸ்கி என்ற ஃபங்ஷனில் கொடுங்கள், ஒவ்வொரு குறியின் யூனிகோடு எண்ணும் தனித்தனியாக வந்துவிடும். தீர்வு, டிக்ஷனரிக்குள் போடும்போதும் தேடும்போதும் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பைத்தான் தானாகவே நார்மலைஸ் செய்துகொள்ளும், ஸ்ட்ரிங்கைத் தொடாது.

ஔகாரத்தில் மட்டும் இதுவும் கைகொடுக்காது. 'கௌரி' என்பதைப் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று அடிக்கிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது ளகர எழுத்தேதான், நார்மலைஸ் அதைச் சேர்த்து வைக்காது. பெயர்ப் பட்டியல்களில் இதைத் தனியாகத்தான் திருத்த வேண்டும்.

போட்ட வேல்யூ எங்கே போனது?

அப்டேட், சார்ட், அப்பெண்ட் மூன்றும் இருக்கும் பொருளையே மாற்றிவிட்டு 'நன்' திருப்பித் தருபவை. அப்டேட்டின் விடையை அதே டிக்ஷனரி பெயரில் சேமித்தால் முழு டிக்ஷனரியும் போய்விடும். சார்ட் செய்த லிஸ்ட்டை நேரடியாக வேல்யூவாகப் போட்டாலும் அங்கே 'நன்'தான் உட்காரும். ஒரு 'இஃப்' கிளையில் ரிட்டர்ன் எழுத மறந்த ஃபங்ஷனும் இதே வேலையைச் செய்யும்.

லூப்புக்கு வெளியே ஒரு லிஸ்ட்டை உருவாக்கி, ஒவ்வொரு ஊருக்கும் நிரப்பி, டிக்ஷனரியில் போட்டு, அடுத்த ஊருக்காகக் கிளியர் செய்வது பலர் எழுதும் முறை. முடிவில் எல்லா ஊருக்கும் வெற்று லிஸ்ட்தான் இருக்கும். டிக்ஷனரியில் சேர்ந்தது நகல் இல்லை, அதே லிஸ்ட். ஒருமுறை கிளியர் செய்தால் எல்லாக் கீயிலும் காலி. பல கீகளுக்கு ஒரே வேல்யூவைப் போடும் ஃப்ரம்கீஸில் வெற்று லிஸ்ட்டை டிஃபால்ட்டாகக் கொடுத்தாலும் எல்லாக் கீக்கும் ஒரே லிஸ்ட்தான். லூப்புக்கு உள்ளேயே ஒவ்வொரு முறையும் புது லிஸ்ட் உருவாக்குங்கள்.

ஒரு லிஸ்ட்டின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப்பின் விடையை அப்படியே வேல்யூவாகச் சேமிப்பது குழப்பத்தின் உச்சம். பைத்தான் 2-இல் மேப் லிஸ்ட் தந்தது. பைத்தான் 3-இல் அது ஒருமுறை மட்டுமே படிக்க முடிகிற இட்டரேட்டர். கூட்டிப் பார்த்தால் சரியான விடை வரும், அடுத்து லிஸ்ட்டாக மாற்றினால் காலி. இதில் ஒரு கொடுமை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போடும் பிரிண்ட் வரியே லிஸ்ட்டாக மாற்றி அதைத் தீர்த்துவிடும். சேமிக்கும்போதே லிஸ்ட்டாக்கிவிட வேண்டும்.

இல்லாத கீக்கு வெற்று லிஸ்ட் தரும்படி அமைத்த டிஃபால்ட்டிக்ட்டிலும் பார்ப்பதே பிழையாகும். இல்லாத ஊரைச் சதுர அடைப்பில் கேட்ட நொடியில் அந்தக் கீ வெற்று லிஸ்ட்டோடு உருவாகிவிடும். நிரப்பி முடித்ததும் சாதாரண டிக்ஷனரியாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 'நன்' எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லையா? கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள யூசர்டிக்ட்டை அடியாக வைத்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதன் செட்ஐட்டம் மெத்தடில் (வேல்யூ எழுதும்போது ஓடுவது), வரும் வேல்யூ 'நன்' என்றால் எரர் எழுப்புங்கள். சந்தேகப்படும் டிக்ஷனரிக்குப் பதிலாக இதை வைத்து ஓட்டினால், 'நன்'னை எழுதிய வரியின் எண்ணே டிரேஸ்பேக்கில் (எரரோடு வரும் வரிப் பட்டியலில்) வந்துவிடும். சாதாரண டிக்ட்டை அடியாக வைத்தால் அப்டேட் வழியாக நுழைவது தப்பிவிடும், ஏனென்றால் அதன் அப்டேட் நீங்கள் எழுதிய செட்ஐட்டத்தை அழைப்பதில்லை. யூசர்டிக்ட்டை ஜேசன் மாட்யூல் நேரடியாக ஏற்காது. சேமிக்கும் இடத்தில் அதன் உள்ளே 'டேட்டா' என்ற பெயரில் இருக்கும் அசல் டிக்ஷனரியைக் கொடுங்கள்.