எல்லைப்புறக் கிறிஸ்தவக் காதல் புதினம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறத்தை, அதாவது குடியேற்றம் மேற்கே பரவிக்கொண்டிருந்த பகுதியை, களமாகக் கொண்ட கிறிஸ்தவக் காதல் புதினங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை, நாயகனின் மனந்திரும்புதலைத் திருமணத்துக்கான அனுமதிச் சீட்டாக மாற்றிவிடுவது. நாயகி விசுவாசி, நாயகனோ தாயை இழந்த நாள்முதல் ஆண்டவரோடு கோபம் கொண்டவன். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற பவுலின் வார்த்தை இருவருக்கும் நடுவே நிற்கிறது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவன் முழங்காலில் நிற்கிறான், அடுத்த அத்தியாயத்தில் மணவிழா நடந்துவிடுகிறது. அவன் தேடியது கிறிஸ்துவையா, அவளையா என்ற ஐயம் வாசகர் மனத்தில் தங்கிவிட்டால் புதினத்தின் ஆணிவேரே ஆடிப்போகும். அவள் மறுத்துவிட்டு ஊரைவிட்டே போன பிறகு, திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை சிறிதும் இல்லாத நிலையில் அவன் ஜெபித்தால், அந்த ஜெபத்தை நம்பலாம்.

அடுத்தது, ஊருக்கு ஊர் கோபுரமும் மணியும் கொண்ட ஆலயத்தையும், அருகிலேயே குடியிருக்கும் போதகரையும் வைத்துவிடுவது. புதிய குடியேற்றங்கள் பலவற்றில் தொடக்க ஆண்டுகளில் இரண்டுமே இல்லை. பீட்டர் கார்ட்ரைட் போன்ற மெத்தடிஸ்ட் ஊழியர்கள் சேணப்பையில் வேதாகமத்தோடு குதிரையேறித் தம் பொறுப்பிலிருந்த ஊர்களை ஒரு சுற்று வந்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. எனவே இறந்த குழந்தையைத் தகப்பனே புதைத்துவிட்டு, அடக்கப் பிரசங்கத்துக்காக ஊழியரின் வருகையை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் உண்டு. பிறப்பும் இறப்பும் திருமணமும் குடும்ப வேதாகமத்தின் நடுவிலிருந்த வெற்றுத் தாள்களில் மையால் எழுதப்பட்டன. மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில், மழை நின்று நாள்கள் கழிந்தும் கூரையிலிருந்து சேறு சொட்ட, உலர்ந்த காட்டெருமைச் சாணம் எரியும் அடுப்பருகே ஒரு பெண் அந்தத் தாளில் தன் பிள்ளையின் பெயருக்கு எதிரே இரண்டாவது தேதியை எழுதுகிறாள் என்று காட்டினாலே போதும். அவளுடைய விசுவாசத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

சட்டத்தைப் புறக்கணிப்பவர்கள் கைக்கு எட்டிய கதையையே இழக்கிறார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் வரை நிலம் அளித்தது. 21 வயது நிறைந்த திருமணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். கணவரோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. மணநாளுக்கு முன் நில அலுவலகத்துக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி ஒன்றே, காதலரிடையே நம்பிக்கை, தன்மானம், அச்சம் அனைத்தையும் கிளப்பிவிடக்கூடியது. கடத்தல்காரனும் தீவிபத்தும் இல்லாமலே கதை நகரும்.

காலப்பிழைகளைச் சரிபார்த்தால் எளிதில் நீக்கிவிடலாம். 1870களின் கூட்டத்தில் ‘ஓல்ட் ரக்கட் கிராஸ்’ பாடலைப் பாட முடியாது. அது இருபதாம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது. ஆங்கிலம் பேசிய சீர்திருத்த சபையாரின் காதில் அன்று ஒலித்தது பெரும்பாலும் கிங் ஜேம்ஸ் வேதாகமம். தமிழில் எழுதுவோர் பழைய மொழிபெயர்ப்பின் நடையைக் கையாண்டால் அந்தத் தொனி ஓரளவு கிட்டும்.

இவை எல்லாவற்றிலும் நான் பொறுக்க முடியாத தவறு, அந்த நிலத்தை ஆளில்லாத வெளியாகக் காட்டுவதும், பூர்வகுடிகளை அபாய ஒலியாகவோ ஞானஸ்நானம் பெறக் காத்திருப்போராகவோ மட்டும் கொண்டுவருவதும்தான். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், செயன், அரபாஹோ என்னும் பூர்வகுடி மக்களின் முகாமை அமெரிக்கப் படை தாக்கியபோது அங்கே அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஜான் சிவிங்டன் மெத்தடிஸ்ட் போதகராக இருந்தவர். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஆண்டுகளின் கொலராடோவில் ஒரு நாயகியை ஆராதனைக்கு அனுப்பும் ஆசிரியர், பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் அச்செய்தியை எப்படிப் பேசினார்கள், அவள் அதைக் கேட்டு என்ன செய்தாள் என்பதையும் எழுதியாக வேண்டும்.