அவசரமில்லாத காதல் மங்கா: முதல்முறை படிப்பவர்களுக்கு

ஜப்பானியப் பள்ளிக் காதல் மங்காக்களில், அதாவது படக்கதைகளில், ஒரு வகை உண்டு. இருவருமே நல்லவர்கள். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லவே பல தொகுதிகள் ஆகிவிடும். "எப்பதான் சொல்லுவாங்க?" என்று அலுத்துப்போய்ப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் காத்திருப்புதான் கதையே. அதை ரசித்துப் படிக்கும் வழியைச் சொல்கிறேன்.

படி 1: முடிந்த கதையாக எடுங்கள்

என் பரிந்துரை ஷீனா கருஹோ வரைந்த 'கிமி நி தொடோகே'. 2005 முதல் 2017 வரை தொடராக வந்தது, 30 தொகுதிகள். ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. முதல் மூன்று தொகுதிகளைப் படித்தாலே பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

படி 2: வலமிருந்து இடமாகப் படியுங்கள்

கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும் அதே வரிசைதான். குமிழிக்கு வெளியே தனியாக இருக்கும் வரிகள் பெரும்பாலும் மனதுக்குள் ஓடுபவை. அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

படி 3: பேச்சில்லாத கட்டங்களில் நில்லுங்கள்

இதுதான் முக்கியம். நாயகி சவாகோவின் நீண்ட கருங்கூந்தலைப் பார்த்து, பேய்ப்படத்தில் வரும் சதாகோவின் பெயரையே வகுப்பில் அவளுக்குப் பட்டமாக வைத்திருக்கிறார்கள். இருக்கை மாற்றும் நாளில் அவள் பக்கத்தில் உட்கார எல்லோரும் தயங்குகிறார்கள். எல்லோருக்கும் பிடித்த கஸேஹாயா தானாக வந்து அங்கே உட்காருகிறான். அப்புறம் வகுப்புத் தோழர்களான யானோ, யோஷிதா, ரியூ மூவரும் சுற்றி வந்து அமர்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஒதுக்கப்பட்டே பழகிய ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள் முகத்தைப் பார்த்தால் புரியும். வேகமாகப் புரட்டினால் 'இடம் மாறி உட்கார்ந்தார்கள்' என்பது மட்டும்தான் மிஞ்சும். காதலோடு நட்பும் இப்படிச் சிறுகச் சிறுக வளர்வதால்தான் இந்தக் கதை மனதுக்கு இதமாக இருக்கிறது.

படி 4: பள்ளி வழக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால்தான் முதல் பக்கங்களில் செர்ரிப் பூக்கள். பிப்ரவரி 14 அன்று பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள். மார்ச் 14 அன்று ஆண்கள் பதிலுக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம். சவாகோ கஸேஹாயாவுக்கென்று சாக்லேட் செய்கிறாள், கொடுக்க முடியாமல் போகிறது. கொடுக்காத அந்த ஒரு சாக்லேட்டால் எவ்வளவு குழப்பம் வருகிறது என்பது இந்த வழக்கம் தெரிந்தால்தான் உறைக்கும்.

படி 5: ஒரே மூச்சில் முடிக்காதீர்கள்

ஒரு நாளைக்கு ஓரிரு அத்தியாயம் போதும். மாத இதழில் வந்த கதை. அதன் வாசகர்கள் அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு மாதம் காத்திருந்தவர்கள். மூன்று தொகுதி முடிந்ததும் முதல் தொகுதிக்குத் திரும்பி, இம்முறை கஸேஹாயாவை மட்டும் கவனியுங்கள். சவாகோவுக்குத் தெரியாத ஒன்று ஆரம்பத்திலிருந்தே அவன் முகத்தில் இருக்கிறது.