வாட்ச் எல்சிடிக்கு மின்முனை வரைவது எப்படி?

மணிக்கும் நிமிடத்துக்கும் நாலு எண்கள், எண்ணுக்கு ஏழு துண்டு. ஆக 28. விநாடி, தேதி எல்லாம் சேர்ந்தால் துண்டுக்கொரு இணைப்பு கட்டுப்படியாகாது. அதனால் பல துண்டுகள் ஒரே தடத்தைப் பங்குபோடுகின்றன, அதுதான் மல்டிபிளெக்ஸ். 1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ வாட்ச்சில் 3 காமன், அதாவது பல துண்டுகளுக்குப் பொதுவான பின்பக்க மின்முனைகள் மூன்று. நாமும் மூன்றே வைப்போம்.

வரையுமுன் ஒன்று. முன், பின் கண்ணாடிகள் இரண்டிலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் படலம் இருக்கும். மின்முனை என்பது இதுதான். இரு படலங்களும் நேருக்கு நேர் வரும் இடம்தான் கறுக்கும்.

படி 1: பெயரிடுங்கள். மேல்கோடு ஏ. அங்கிருந்து வலச்சுற்றாக பி, சி, டி, ஈ, எஃப். நடுக்கோடு ஜி.

படி 2: பின் கண்ணாடி. எஃப்-ஏ-பி மூன்றையும் மூடும் வளைவு முதல் காமன். அதன் கீழே ஈ-ஜி-சி வளைவு இரண்டாவது. டி மட்டும் மூன்றாவது. வளைவுகளின் உட்புறம் காலியாகவே இருக்கட்டும். பக்கத்து எண்ணின் அதே காமனோடு கிடைமட்டமாக இணைத்து, ஓரத்தில் வெளியே எடுங்கள்.

படி 3: முன் கண்ணாடி. எண்ணுக்கு மூன்று தடம்: எஃப்-ஈ, ஏ-ஜி-டி, பி-சி. ஏவிலிருந்து ஜிக்கு இறங்கும் மெல்லிய இணைப்பு, காலியாக விட்ட அந்த உட்புறத்தில்தான் போகிறது. பின்னால் படலம் இல்லாததால் கண்ணில் படாது. மூன்று தடங்களையும் மேலே வெளியே எடுத்தால் எங்குமே குறுக்கே வெட்டாது. வெட்டினால் அங்கே வேண்டாத கறுப்புப் புள்ளி முளைக்கும். தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டையும் அந்த இடத்தில் ஒல்லியாக்குங்கள்.

படி 4: சிக்கனம். நிமிடத்தின் பத்துகள் இடத்தில் 0 முதல் 5 வரைதான் வரும். 0, 2, 3, 5இல் ஏ, டி இரண்டும் எரியும். 1, 4இல் இரண்டும் அணையும். அப்புறம் எதற்குத் தனித்தனியாக? சேர்த்துவிட்டால் மிச்சம் ஆறு. 3 காமனுக்கு இரண்டே தடம் போதும். அந்த எண்ணுக்கு மட்டும் வளைவுகளை மாற்றி வரைய வேண்டும். எஃப்-91டபிள்யூவிலும் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்த இடத்தில் 7 காட்டவே முடியாது. பின்னாளில் எழுத்துகள் காட்டும் எண்ணம் இருந்தால் இந்த வேலை வேண்டாம்.

படி 5: மின்னழுத்தம். 3 காமன், 1/3 பயஸ் (அழுத்தத்தை மூன்று சம படிகளாகப் பிரித்துக் கொடுப்பது) என்றால் எரியும் துண்டுக்குக் கிடைக்கும் ஆர்எம்எஸ் அழுத்தம் (மாறும் அழுத்தத்தின் பயன்தரும் அளவு), அணைந்த துண்டைப்போல் சுமார் 1.9 மடங்கு. 4 காமனில் 1.73 ஆகக் குறையும். பக்கவாட்டில் பார்த்தால் அணைந்த துண்டும் லேசாகத் தெரியத் தொடங்கும். வெளி இணைப்புக் கால்கள் மிச்சமாகிறதே என்று காமனைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். எத்தனை காமன் வைத்தாலும் சரி, துருவத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சராசரி டிசியை (ஒரே திசையில் நிற்கும் அழுத்தத்தை) பூஜ்யமாக வையுங்கள். இல்லாவிட்டால் மின்பகுப்பில் படலம் கெட்டுவிடும்.