ஷூ முன் வீல்ல இடிக்குதா? டோ ஓவர்லேப்பை சமாளிக்கிறது எப்படி

ரோட் பைக் (மெலிசு டயர் போட்ட வேக சைக்கிள்) வாங்கி மூணாவது நாள், கேட்டுக்குள்ள இடது பக்கம் திரும்புறேன், நடக்குற வேகம் தான், திடீர்னு வலது ஷூ முன் டயர்ல முட்டி நின்னுச்சு, ஹேண்டில் அதுக்கு மேல திரும்ப மாட்டேங்குது, பேலன்ஸ் போய் வெட்டுன மரம் மாதிரி சாஞ்சேன். அடி பெருசா இல்ல, மானம் தான் போச்சு. எழுந்து பாத்தா ஷூவோட உள்பக்கம் கறுப்பா ஒரு ரப்பர் கோடு. அப்புறம் தான் தெரிஞ்சுது இதுக்கு டோ ஓவர்லேப்னு பேரு, நிறைய பேருக்கு இருக்குன்னு.

விஷயம் சிம்பிள். பெடல் முன்னாடி மட்டமா இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினா ஷூ மூக்கு டயர்லயோ மட்கார்ட்லயோ படுது, அவ்ளோதான். சின்ன சைஸ் ஃப்ரேம்ல இது ரொம்ப சகஜம், ஏன்னா ஃப்ரேம் சின்னதாகும், 700சி வீல் (ரோட் பைக்குக்கு வழக்கமா வர்ற வீல் அளவு) சின்னதாகாதே, அதனால பெடலுக்கும் வீலுக்கும் நடுவுல இருக்குற இடம் தான் குறையும். வேகமா போகும்போது இது தொல்லையே கிடையாது. 25 கி.மீ. வேகத்துல நாம வண்டியைச் சாய்ச்சு தான் வளையுறோம், ஹேண்டில் கொஞ்சூண்டு தான் திரும்பும். யூ டர்ன், பார்க்கிங், கூட்டத்துல ஊர்றது, மேட்டுல மூச்சு வாங்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு ஏர்றது, இந்த மாதிரி ஸ்லோவா போற இடத்துல மட்டும் தான் மாட்டும்.

முதல்ல ஃபோர்க்கைப் பாருங்க

இதை யாரும் முதல்ல சொல்றதில்ல, அதான் நான் முதல்ல சொல்றேன். பெட்டில வந்த சைக்கிளை வீட்லயே அசெம்பிள் பண்ணினவங்க நிறைய பேர் ஃபோர்க்கை, அதாவது முன் வீலை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குற கவையை, முன்பின்னா மாட்டிடுறாங்க. ஃபோர்க் கீழ வர வர முன்னாடி நீட்டிட்டு இருக்கணும். உதாரணத்துக்கு 45 மி.மீ. முன்னாடி போக வேண்டிய ஃபோர்க்கைத் திருப்பி மாட்டினா வீல் 90 மி.மீ. பெடல் பக்கம் வந்துடும், அப்புறம் எப்படி இடிக்காம இருக்கும்? ரிம் பிரேக்னா (வீல் வளையத்தைப் பிடிக்கிற பிரேக்) முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கணும், டிஸ்க் பிரேக்னா பெரும்பாலும் ஃபோர்க்கோட இடது காலுக்குப் பின்பக்கம் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்) இருக்கும். மாறி இருந்தா கழட்டி சரி பண்ணிட்டு தான் ஓட்டணும்.

இன்னொண்ணு, இத்தனை நாள் இடிக்கலை, எங்கயோ மோதின பிறகு தான் இடிக்குதுன்னா ஃபோர்க் பின்னாடி வளைஞ்சிருக்கலாம். ஹெட் ட்யூபுக்கு (ஃபோர்க் தண்டு உள்ள போற முன்பக்கக் குழாய்) ஒட்டிப் பின்னாடி, ஃப்ரேமோட கீழ்ப்பக்கத்துல பெயின்ட் சுருங்கியிருக்கா, புடைச்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. இருந்தா ஓட்டாதீங்க, மெக்கானிக் கிட்ட தள்ளிட்டுப் போங்க.

எவ்ளோ இடிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்

தினமும் போடுற ஷூவையே போட்டுக்கோங்க. சுவத்துல ஒரு கை ஊணிட்டு சீட்ல உக்காருங்க, வலது பெடலை முன்னாடி மட்டமா கொண்டு வந்து ஹேண்டிலை மெதுவா இடது பக்கம் திருப்புங்க. அடுத்து இடது பெடல், வலது பக்கம். டயர் ஓரத்துல சாக்பீஸ் தேய்ச்சுட்டு இதைப் பண்ணினா எங்க படுதுன்னு ஷூவுல வெள்ளையா தெரியும், குனிஞ்சு எட்டிப் பாக்க வேண்டாம். மட்கார்டு இருந்தா டயருக்கு முன்னாடி அது தான் படும், அதையும் தேய்ச்சுக்கோங்க.

ஒரு அளவு வேணும்னா: அமெரிக்க சைக்கிள் பாதுகாப்பு விதில, டோ கிளிப் மாதிரி காலைப் பிடிச்சு வைக்கிற சமாச்சாரம் இல்லாத சைக்கிளுக்கு பெடல் நடுவுல இருந்து டயர் இல்லன்னா மட்கார்டு வரைக்கும் குறைஞ்சது 89 மி.மீ. இருக்கணும். டோ கிளிப் போட்ட வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

ஓட்டுற விதம், இது தான் முக்கியம்

இடது பக்கம் திரும்பினா முன் வீலோட பின்பகுதி வலது பக்கம் வரும், அதனால அடி வாங்குறது வலது கால். அதாவது எப்பவுமே வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்குற கால் தான். ஸோ ஸ்லோவா திரும்பும்போது வெளிக்கால் முன்னாடி இருக்கக் கூடாது. கீழ இருக்கட்டும், பின்னாடி இருக்கட்டும், முன்னாடி மட்டும் வேண்டாம்.

"திரும்பும்போது மிதிக்கணுமே, என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. முழு சுத்து மிதிக்காம உள்பக்கக் காலால பாதி மிதிங்க, அப்படியே பெடலைப் பின்னாடி சுத்தி அந்தக் காலை மறுபடி மேல கொண்டு வாங்க, திரும்பப் பாதி மிதிங்க. டக் டக்னு ஒரு சத்தம் வரும், வண்டி நகர்ந்துட்டே இருக்கும், வெளிக்கால் முன்னாடி வரவே வராது. காலியான மைதானத்துல ரெண்டு பாட்டிலை வெச்சு அதைச் சுத்தி எட்டு போட்டுப் பழகுங்க, எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு. ஃபிக்ஸட் கியர் வண்டில (வீல் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்துற வண்டி) இந்த வித்தை நடக்காது, பெடல் நிக்காது, அதனால வளைவை அகலமா எடுங்க, ரொம்பக் குறுகலான இடம்னா இறங்கித் தள்ளுங்க, தப்பில்ல.

ஒருவேளை பட்டுடுச்சுன்னா ஹேண்டிலை அழுத்தித் திருப்பாதீங்க. பெடலைக் கொஞ்சம் பின்னாடி சுத்தினாலே கால் விடுபட்டுடும், இல்லன்னா ஹேண்டிலைக் கொஞ்சம் நேராக்கிட்டு உள்பக்கக் காலைத் தரைல ஊணிடுங்க.

பார்ட்ஸ் மாத்தணுமா?

செலவே இல்லாதது முதல்ல. புதுசா ஓட்டுறவங்க பாதத்தோட நடுப்பகுதியை பெடல்ல வெச்சு மிதிப்பாங்க, அதுலயே ஷூ நிறைய முன்னாடி நீட்டிக்கும். பெருவிரலுக்குப் பின்னாடி இருக்குற அந்த மேடு பெடல் ஆக்சிலுக்கு மேல வரட்டும். கிளீட் ஷூன்னா கிளீட்டை (ஷூவைப் பெடலோட பூட்டுற, அடில இருக்குற கட்டை) விரல் பக்கமா தள்ளினா ஷூ பின்னாடி வரும், ஆனா சில மி.மீ.க்கு மேல போகாதீங்க, கெண்டைக்கால் வலிக்க ஆரம்பிச்சா பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க.

அடுத்து டயர். 32 மி.மீ. அகலத்துல இருந்து 28-க்கு வந்தா ஏறக்குறைய 4 மி.மீ. கிடைக்கும். கிராங்க்கை (பெடல் மாட்டியிருக்குற தண்டு) 170 மி.மீ.ல இருந்து 165-க்கு மாத்தினா 5 மி.மீ., கூடவே சீட்டையும் 5 மி.மீ. ஏத்தணும். மட்கார்டு உரசலைக் கூட்டும், ஷூ பட்டு உள்ள மடங்கினா வீலே லாக் ஆகிடும், அதனால இழுத்தா தானா கழண்டுக்குற கிளிப் வெச்ச மட்கார்டா பாத்து மாட்டுங்க. வீலையே 650பி (700சி-யை விடச் சின்ன வீல் அளவு) ஆக்கலாமான்னு சிலர் கேக்குறாங்க, டிஸ்க் பிரேக் வண்டின்னா முடியும், ரிம் அளவுல ஆரம் 19 மி.மீ. குறையும், ஆனா அதுல 47 டயர் போட்டா உயரம் 700-28 அளவுக்கே வந்துடும், காசு போனது தான் மிச்சம். வேற ஃபோர்க் போடுறதை நான் சொல்லவே மாட்டேன், ஸ்டியரிங் குணமே மாறிடும்.

என் வண்டில கிளீட்டை மட்டும் 3 மி.மீ. தள்ளினேன், வேற எதையும் தொடல. இன்னமும் லேசா உரசத்தான் செய்யுது.

இனிமே தான் வாங்கப் போறீங்கன்னா ஜியோமெட்ரி சார்ட்ல (ஃப்ரேம் அளவுகளைப் போட்டிருக்குற பட்டியல்) ஃப்ரண்ட் சென்டர்னு ஒரு அளவு இருக்கும், பாட்டம் பிராக்கெட்ல (கிராங்க் சுத்துற அச்சு இருக்குற இடம்) இருந்து முன் ஆக்சில் வரைக்கும் உள்ள தூரம். ரெண்டு வண்டி சைஸும் வீலும் கிராங்க்கும் ஒண்ணா இருந்தா அது எதுல அதிகமோ அதுல இடிக்கிறது குறைவு. சார்ட்ல போடலைன்னா கடையிலயே டேப்பை வெச்சு அளந்துடுங்க, ஓட்டிப் பாக்கப் போகும்போது மறக்காம உங்க ஷூவோட போங்க, செருப்போட போய் ஏமாறாதீங்க.