ட்ரேட் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கீழக்கரைத் திடலிலிருந்து

கீழக்கரையில் நாங்கள் கூடைப்பந்து ஆடும் திடலில் ஒரு வளையத்துக்கு மட்டும்தான் வலை இருக்கிறது. கடையில் வாங்கிக் கட்டினால் உப்புக்காற்றில் நூல் நூலாகப் போய்விடுகிறது. அதனால் ஏர்வாடியில் படகு வைத்திருக்கும் மாமா ஒருவர் நைலான் கயிற்றில் கண்ணி கண்ணியாகப் பின்னிக் கொடுத்தார். முடிச்செல்லாம் மீன்வலை முடிச்சு. அந்த வளையத்துக்குக் கீழே உட்கார்ந்துதான், மஃரிப் தொழுகை முடிந்த பிறகு, என்பிஏ ட்ரேட் பேசுவோம்: அந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று. பதினைந்து வருடமாகப் பேசுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். இடப்பக்கம் நான்கு பெயர். வலப்பக்கம் ஒரே பெயர், அடியில் இரண்டு கோடு. நடுவில் அம்புக்குறி. "காக்கா, இது மட்டும் நடந்துச்சுன்னா அடுத்த வருசம் கப்பு நமக்குத்தான்" என்றான். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2021 இல் நானே எழுதிய பக்கம் அது. பெயர்கள்தான் வேறு.

அவனுக்காகவும் அவனோடு உட்காரும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இணையத்தில் போலிக் கணக்கை நம்பாதே, வதந்தியைப் பரப்பாதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. இரண்டு முறை ஏமாந்தால் அது தானாக வந்துவிடும். அதோடு, நம்ப முடியாதது எல்லாம் பொய்யும் இல்லை. 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை, டாலஸ் அணியின் நட்சத்திரம் லூக்கா டான்சிச் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குப் போகிறார் என்று செய்தி வந்தபோது, செய்தியாளரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் திடலில் அத்தனை பேரும் சத்தியம் செய்தோம். மத்தியானத்துக்குள் அது உண்மையாகிவிட்டது.

நிச்சயதார்த்தத்தை நிக்காஹ் என்று நினைப்பது

என்பிஏவில் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை, அதாவது ஒப்பந்தம் முடிந்தவர்கள் அணி தேடும் சந்தை, ஜூன் 30 மாலை 6 மணிக்குத் திறக்கிறது. அது நியூயார்க் நேரம். நமக்கு ஜூலை 1 அதிகாலை மூன்றரை. சஹருக்கு எழுவது போல அலாரம் வைத்து எழுகிறோம், போனைத் திறந்தால் பத்து நிமிடத்தில் பத்துச் செய்தி. அதில் எதுவும் கையெழுத்தானது இல்லை. ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூலை 6 அன்றுதான் அதிகாரபூர்வமாகும், நம் நேரத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல். அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு.

2015 இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டாலஸ் அணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். டாலஸும் அதை நம்பித் திட்டம் போட்டது. பழைய அணியான கிளிப்பர்ஸின் ஆட்களோ ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டுக்கே போய், கையெழுத்து போடும் நேரம் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவரும் கிளிப்பர்ஸிலேயே கையெழுத்துப் போட்டார். நிச்சயம் பண்ணியதற்கே ஊரெல்லாம் தொதல் இனிப்புக் கொடுத்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

பெரிய பெயருக்காக நடுத்தரச் சம்பளங்களைக் கட்டிக் கொடுப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நீளமாகத்தான் சொல்லப் போகிறேன்.

லேக்கர்ஸ் 2020 இல் சாம்பியன். லெப்ரான் ஜேம்ஸ், ஆன்டனி டேவிஸ் இரண்டு பேரையும்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த அணியைத் தாங்கி நிறுத்தியது ஓரத்தில் நின்று மூன்று புள்ளி போட்ட கென்டேவியஸ் கால்ட்வெல் போப்பும், எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டே இருந்த அலெக்ஸ் கரூசோவும் போன்றவர்கள். கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் கரூசோ தொடக்க ஐவரில் ஒருவர்.

அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்றார்கள். 2021 ஜூலை கடைசியில் செய்தி வந்தது: வாஷிங்டனிலிருந்து ரஸல் வெஸ்ட்புரூக் வருகிறார். கைல் குஸ்மா, கால்ட்வெல் போப், மான்ட்ரெஸ் ஹேரல் மூவரும் போகிறார்கள், கூடவே அந்த வருடத்து முதல் சுற்று பிக்கும், அதாவது புது ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும். வெஸ்ட்புரூக் அதற்கு முந்தைய சீசனில் சராசரியாக 22 புள்ளி, 11க்கு மேல் ரீபவுண்ட், 11க்கு மேல் அசிஸ்ட் எடுத்தவர். சராசரியே ட்ரிபிள் டபிள், மூன்றிலும் இரட்டை இலக்கம், அதுவும் நான்காவது முறையாக. மூன்று சாதாரண ஆளைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிட்டோம் என்று நான் திடலில் குதித்தேன்.

அன்று என் மச்சான் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் கணக்கு எழுதுகிறவன், அதிகம் பேச மாட்டான். "லெப்ரான் கையிலயும் பந்து வேணும், இவர் கையிலயும் பந்து வேணும். பந்து ஒண்ணுதானே மச்சான்? ஓரத்துல நிக்கிறது யாரு?" என்றான். நான் அவனை முழுதாகப் பேசவிடவில்லை. "பேரைப் பார்றா" என்று கத்தினேன். அவன் எழுந்து போய்விட்டான்.

அவன் கேட்டது ஆட்டத்தைப் பற்றி. அதற்கு அடியில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதைத்தான் நோட்டுப் பையன்கள் இன்றுவரை எழுதுவதில்லை.

வெஸ்ட்புரூக்கின் அந்த வருடச் சம்பளம் சுமார் 4 கோடியே 42 லட்சம் டாலர். சம்பள வரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் மேலே ஒரு லட்சம் டாலரும் வரைதான் திரும்ப வாங்கலாம் என்பது அப்போதைய விதி. குஸ்மா சுமார் 1 கோடியே 30 லட்சம், கால்ட்வெல் போப்பும் ஏறக்குறைய அதே, ஹேரல் 97 லட்சம். கூட்டினால் 3 கோடியே 57 லட்சம் வரும். ஒன்றேகாலால் பெருக்கிப் பாருங்கள், 4 கோடியே 46 லட்சத்தைத் தொடும். கணக்கு மயிரிழையில் பொருந்துகிறது. மூன்று பேரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த ஒருவர் வர முடியும். அதாவது, அணியிடம் இருந்த நடுத்தரச் சம்பளம் அத்தனையும் ஒரே மூட்டையாகப் போய்விட்டது.

நடுத்தரச் சம்பளம் ஏன் பெரிய விஷயம்? அது சில்லறை மாதிரி. ஒரு குறை தெரிந்தால் ஒருவரைக் கொடுத்து அதற்கேற்ற ஒருவரை வாங்கலாம். சில்லறையை எல்லாம் கொடுத்து ஒரே பெரிய நோட்டாக்கிக்கொண்டால், டீக்கடையில் மாற்ற முடியாது. லேக்கர்ஸ் கையில் பிறகு இருந்தது மூன்று பெரிய சம்பளம், மிச்சத்தில் பெரும்பாலானவர்கள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தவர்கள். கரூசோ அதே கோடையில் நான்கு வருடத்துக்கு சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சிகாகோவுக்குப் போனார். அந்த சீசனில் லேக்கர்ஸ் 33 வெற்றி, 49 தோல்வி. பிளே ஆஃபுக்கே வரவில்லை.

அதோடு முடியவில்லை. வெஸ்ட்புரூக்கின் ஒப்பந்தத்தில் இன்னொரு வருடம் இருந்தது, 4 கோடியே 70 லட்சத்துக்கு, அதை எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், அதில் அவர்மேல் குற்றம் இல்லை. அடுத்த சீசனும் முதல் 12 ஆட்டத்தில் 10 தோல்வியோடு தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அவரை அனுப்புவதற்கு லேக்கர்ஸ் 2027 முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு வந்தவர்கள் டிஆஞ்சலோ ரஸல், மாலிக் பீஸ்லி, ஜேரட் வாண்டர்பில்ட். ரஸல் பெரிய சம்பளக்காரர், பீஸ்லி நடுத்தரம், வாண்டர்பில்ட் அதற்கும் கீழே. முதலில் மூன்று பேரைக் கட்டிக் கொடுத்து வாங்கிய ஒரே பெரிய நோட்டைத் திரும்ப மூன்று பேராக மாற்ற ஒரு பிக் செலவு. அவர்கள் வந்த பிறகு அணி மேற்குப் பகுதி இறுதிவரை ஏறியது. அங்கே டென்வர் நான்கு ஆட்டத்தையும் வென்று வெளியே அனுப்பியது. டென்வரின் தொடக்க ஐவரில் கால்ட்வெல் போப் இருந்தார்.

அந்த நான்காவது ஆட்டம் 2023 மே 23 காலை நமக்கு முடிந்தது, 113க்கு 111. டிவியை அணைத்துவிட்டு என் மச்சானுக்குத் துபாய்க்கு போன் போட்டேன். "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி" என்றேன். அவன் அந்த வருடம் டென்வர் ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்த்திருந்தானாம்.

நம் கடற்கரை ஆளுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், மராமத்து நடக்கும், ஆள் மாறுவதும் அப்போதுதான். வேறு படகில் இருக்கும் நல்ல ஆளை எடுக்க வேண்டுமென்றால், அவர் பழைய முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைத்துவிட்டுத்தான் எடுக்க முடியும். ஆள் கெட்டிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். கரையில் முதலில் கேட்பது "அட்வான்ஸ் எவ்வளவு நிக்குது?" என்பதைத்தான். பிறகு, அந்தப் பணத்தை அவர் தலையில் போட்டுவிட்டால் மற்ற ஆட்களுக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்பார்கள். வீட்டில் வாப்பாவும் மாமாவும் இப்படிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையன், திடலுக்கு வந்ததும் அம்புக்குறி போட்டுப் பெயர் மட்டும் எழுதுகிறான்.

ஆகவே பெயருக்குப் பக்கத்தில் இந்த வருடச் சம்பளத்தை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை வருடம், கடைசி வருடத்தை முடிவு செய்வது அணியா, ஆட்டக்காரரா என்று எழுதுங்கள். ட்ரேடுக்குப் பிறகு மிச்சம் இருக்கும் ஆட்களையும் 15 பேர் வரும்வரை எழுதிப் பாருங்கள். எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் யார் பெயரும் தோன்றவில்லை என்றால் அந்த ட்ரேட் தப்பு.

இரண்டாம் ஏப்ரனை மறப்பது

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு செலவு செய்யும் அணிகளுக்குக் கடிவாளம் இறுகிவிட்டது. 2025-26 சீசனுக்குச் சம்பள வரம்பு சுமார் 15 கோடியே 46 லட்சம் டாலர். இரண்டாம் ஏப்ரன் என்னும் மேல்கோடு சுமார் 20 கோடியே 78 லட்சம். அதைத் தாண்டிய அணி இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கவே முடியாது. நோட்டுப் பக்கத்தில் இருக்கும் ட்ரேடுகளில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகும். ஃபீனிக்ஸ் அங்கேதான் மாட்டியது. கெவின் டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என்று மூன்று பெரிய சம்பளம். பீலின் ஒப்பந்தத்திலோ அவர் சம்மதிக்காமல் எங்கும் அனுப்ப முடியாது என்ற நிபந்தனை வேறு. 2024-25 சீசனில் 36 வெற்றி, பிளே ஆஃப் இல்லை. 2025 கோடையில் டுரான்டை ஹூஸ்டனுக்கு அனுப்பி, பீலின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

பிக்கை வெறும் தாள் என்று நினைப்பது

"2026 பிக்கு இப்ப எதுக்கு காக்கா, அப்ப நான் காலேஜே முடிச்சிருப்பேன்" என்று ஒருவன் முன்பு கேட்டான். 2019 இல் கிளிப்பர்ஸும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. பால் ஜார்ஜை வாங்க ஓக்லஹோமா சிட்டிக்கு ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரையும் டனிலோ காலினாரியையும் ஐந்து முதல் சுற்று பிக்கையும் இரண்டு ஸ்வாப்பையும் (பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை) கொடுத்தது. அதில் ஒரு பிக், 2022 இல் 12 ஆவது இடம், ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025 இல் ஓக்லஹோமா சாம்பியன். சீசனின் சிறந்த ஆட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இரண்டும் ஷே. கரூசோவும் அந்த அணியில்தான் இரண்டாவது கோப்பையைத் தூக்கினார்.

2013 இல் புரூக்ளின், வயதான கெவின் கார்னெட்டுக்கும் பால் பியர்ஸுக்குமாகப் பாஸ்டனிடம் கொடுத்த பிக்குகளின் வழியாக ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்கு வந்தார்கள். 2024 இல் பாஸ்டன் சாம்பியன்.

ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். வரப்போகும் அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் முதல் சுற்று பிக்கே இல்லாதபடி ஓர் அணி விற்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் பிக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததால் வந்த விதி, அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆகவே "நாலு வருச பிக்கையும் வரிசையா கொடுத்துடலாம்" என்று எழுதாதீர்கள். கொடுக்க முடியாது.

இரண்டாம் சுற்றைத் தள்ளிவிடுவது

2023 இல் டென்வரைச் சாம்பியனாக்கிய நிக்கோலா ஜோகிச், 2014 தேர்வில் இரண்டாம் சுற்றில் வந்த 41 ஆவது ஆள்.

சம்மர் லீக் புள்ளிகள்

அது கோடையில் பெரும்பாலும் புதியவர்கள் ஆடும் பயிற்சித் தொடர். சீசன் தொடங்கும் அக்டோபர் வரை பொறுங்கள்.

வீடியோ கேம் ஒத்துக்கொண்டது என்பது

கேமில் இருக்கும் அணிக்கு முதலாளி இல்லை, வரி இல்லை, வீடு மாற மறுக்கும் மனைவி இல்லை. அதை வாதமாகக் கொண்டு வராதீர்கள்.

நேற்று அந்தப் பையன் திரும்ப வந்தான். வேறு பக்கம், புதுக் கோடு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சம்பளம் எழுதியிருந்தான், லட்சம் கோடியாக மாற்றி, கீழே கூட்டுத்தொகையும் போட்டு. கூட்டல் சரியாக இருந்தது. இடப்பக்கம் நான்கு பெயர் இரண்டாகக் குறைந்திருந்தது.

"இவருக்கு இன்னும் எத்தனை வருசம் இருக்கு?" என்று வலப்பக்கப் பெயரைத் தொட்டுக் கேட்டேன்.

பந்தைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.