தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியராக: வேலை தேடுவதிலிருந்து நாட்டை அறிவது வரை

ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை நம்பி வெளிநாடு செல்ல நினைக்கும் பட்டதாரிகளுக்குத் தாய்லாந்து நல்ல தொடக்கமாக அமையும். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்ச் சேரலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களையும் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. சிக்கனமாக இருந்தால் வாங்கும் சம்பளத்தில் வாழ்ந்து, விடுமுறைகளில் ஊர் சுற்றவும் முடியும். ஆனால் சுற்றுலாவுக்குப் போய் வந்த நினைவோடு பாங்காக்கையோ புக்கெட்டையோ மட்டும் குறிவைத்து வேலை தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உபோன் ராச்சதானி, நான் (Nan) எனும் ஊர், நக்கோன் சி தம்மராட் போன்ற மாகாணத் தலைநகர் ஒன்றில் பள்ளி வேலையில் அமர்ந்து, அந்த ஊரை வீடாகக் கொண்டு, அங்கிருந்து நாட்டைப் பார்க்கத் தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அங்கே வாடகை குறைவு, வெளிநாட்டவர் குறைவு, ஆகவே மொழியும் மனிதர்களும் விரைவில் வசப்படுவார்கள்.

முதலில் தகுதி. ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டவரிடம் பள்ளிகள் டோயிக் (TOEIC) எனும் ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணையோ அதற்கு இணையான வேறொரு தேர்வின் சான்றையோ பொதுவாகக் கேட்கின்றன. ஆங்கில வழியில் படித்தேன் என்று சொல்லி இதைத் தவிர்க்கப் பார்ப்பது நேர விரயம். பி.எட். முடித்தவர்களுக்கு வழி எளிது. மற்றவர்களுக்காகப் பள்ளியே ‘குருசபா’ எனப்படும் ஆசிரியர் மன்றத்தில் விண்ணப்பித்து, இரண்டு ஆண்டுகளுக்குத் தற்காலிகக் கற்பித்தல் அனுமதி பெற்றுத் தருகிறது. பட்டச் சான்றிதழை இந்தியாவிலேயே வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வரை கொண்டுசென்று, அதன் மேல் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை தேவையா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகப் பெறுங்கள். அங்கே போன பிறகு இவற்றை ஊரிலிருந்து வரவழைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

விசா விஷயத்தில் சிறிதும் வளைந்து கொடுக்கக் கூடாது. பள்ளி அனுப்பும் ஆவணங்களைக் கொண்டு ‘நான்-இமிகிரண்ட் பி’ விசா பெற்றுத்தான் செல்ல வேண்டும். இதற்கு 2025 ஜனவரி முதல் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். “முதலில் சுற்றுலாப் பயணியாக வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு முகவர் சொன்னால், மாற்றம் நடந்து பணி அனுமதி கைக்கு வரும் வரை வகுப்பறையில் கால் வைப்பது சட்டவிரோதம் என்பதையும், பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் ஆசிரியருக்கே என்பதையும் நினைவில் வையுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டார்கள். ஆகவே வேலை தரும் பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவற்றை நீங்களே சரிபார்த்து, பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவரோடு காணொளியில் பேசிய பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். வேலை வாங்கித் தரப் பெருந்தொகை கேட்கும் எவரையும் நம்ப வேண்டாம். இடையில் முகவர் இருந்தால், அவர் இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இடையில் அக்டோபரில் சில வார விடுமுறை. எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும்தான் ஆள் எடுப்பு சூடாக நடக்கும். ஒப்பந்தம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பது. பத்து மாத ஒப்பந்தமானால் கோடை விடுமுறைக்குச் சம்பளம் வராது. மாதச் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பன்னிரண்டு மாத ஒப்பந்தமே மேல். தாய்லாந்து ஆவணங்களில் புத்த ஆண்டு எழுதப்படும். நம் ஆண்டோடு 543ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 2025 என்பது அங்கே 2568. ஒப்பந்தம் முடியும் தேதியை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

சம்பளத்தில் பாகுபாடு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர், ஆங்கிலேயருக்குக் கொடுப்பதை இந்தியருக்கும் பிலிப்பீனருக்கும் பல பள்ளிகள் கொடுப்பதில்லை. மாதம் 20,000 முதல் 30,000 பாத் வரையே பேசுவார்கள். விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்பதும், நிறத்தைப் பார்த்தே ஒதுக்குவதும் நடக்கிறது. இது அநீதி; இதற்கு நம் தகுதி காரணமல்ல. நீங்கள் வகுப்பெடுப்பதை ஐந்து நிமிடக் காணொளியாகப் பதிவுசெய்து விண்ணப்பத்தோடு அனுப்புவது நல்ல பலன் தரும், ஏனென்றால் தெளிவான உச்சரிப்பையும் பிள்ளைகளைக் கையாளும் விதத்தையும் கண்ணால் பார்த்த பிறகு மறுப்பதற்குத் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை சில. நீங்கள் தங்கும் இடத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், டி.எம். 30 எனப்படும் அந்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விசா நீட்டிப்பின்போது சிக்கல் வரும். பணி அனுமதிக்கு மருத்துவச் சான்று வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். வாடகை அறைகளுக்கு முன்பணம் பொதுவாக இரண்டு மாத வாடகை. மின்சாரத்துக்கு அலகுக்கு எவ்வளவு என்பதையும் முன்னதாகவே கேளுங்கள், ஏனென்றால் குளிர்சாதனம் ஓடும் மாதத்தில் அதுதான் கையைக் கடிக்கும்.

இனி வகுப்பறை. காலை எட்டு மணிக்குக் கொடியேற்றமும் நாட்டுப்பண்ணும். அப்போது எங்கு நின்றாலும் அசையாமல் நிற்க வேண்டும். அரச குடும்பத்தைப் பற்றி வகுப்பிலும் வெளியிலும் இணையத்திலும் கருத்துச் சொல்லாதீர்கள். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கிறது. அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். ஒரு பிரிவை வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் பார்ப்பீர்கள் என்பதால் பல நூறு முகங்கள் உங்கள் பொறுப்பில் வரும். அதிகாரப்பூர்வப் பெயர்கள் நீளமானவை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரசையில், ஈரசையில் ஒரு செல்லப்பெயர் உண்டு. இருக்கை வரைபடம் ஒன்றைத் தயாரித்து அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, இரண்டாவது வகுப்பிலேயே பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள், பின்வரிசை வரை நிமிர்ந்து உட்காரும்.

“புரிகிறதா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “யெஸ், டீச்சர்” என்றே சொல்லும். ஆசிரியரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதைதான் அதற்குக் காரணம். ஆகவே கேட்காமல் செய்ய வைத்துப் பாருங்கள்: சேர்ந்து சொல்ல வைத்து, பிறகு இருவர் இருவராகப் பேச வைத்து, கடைசியில் ஒரு சிலரைத் தனியாக. உச்சரிப்பில் எங்கே உழைக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. தாய்லாந்து மொழியில் சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் மிகச் சிலவே. இறுதி ‘ல்’ ‘ன்’ ஆகிவிடும், இறுதி ‘ஸ்’ ‘ட்’ ஆகிவிடும். அதனால் ஃபுட்பால் ‘ஃபுட்பொன்’ ஆகிறது, பஸ் ‘பட்’ ஆகிறது. இதைப் பிழை என்று திருத்திக்கொண்டே இருந்தால் குழந்தை வாயைத் திறக்காது. வாரத்துக்கு ஓர் இறுதி ஒலி என்று எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிட விளையாட்டாகப் பழக்குங்கள். ‘ஸ்’ ஒலிக்கு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக் காற்று படுகிறதா என்று பார்க்கச் சொல்வது சிறுவர்களிடம் நன்றாக எடுபடும். குரலை உயர்த்தி எல்லோர் முன்னும் ஒரு பிள்ளையைக் கண்டிப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளையை மட்டுமல்ல, வகுப்பையே இழப்பீர்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ‘வாய் க்ரூ’ எனும் ஆசிரியர் வணக்க நாள் வரும். மாணவர்கள் முழந்தாளிட்டு ஆசிரியர் முன் வைக்கும் மலர்த் தட்டுகளை உற்றுப் பாருங்கள்: அவற்றில் இட்லிப்பூவும் அருகம்புல்லும் கத்தரிப்பூவும் இருக்கும். கூர்மையான அறிவுக்கு இட்லிப்பூ, வெட்ட வெட்டத் தழைக்கும் வளர்ச்சிக்கு அருகு, தலைகுனிந்து பூக்கும் பணிவுக்குக் கத்தரி. அன்று உங்களுக்கும் இருக்கை போடுவார்கள், விடுப்பு எடுத்துவிடாதீர்கள்.

மொழியைப் பேச மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்பவர்கள் உண்டு. நான் எழுத்தையும் கற்கச் சொல்வேன். தமிழருக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. நாம் ‘கெ’, ‘கை’ எழுதும்போது கொம்பை மெய்க்கு முன்னால் போடுவதைப் போலவே அவர்களும் ஏ, ஓ, ஐ போன்ற உயிர்க்குறிகளை மெய்க்கு முன்னால் எழுதுகிறார்கள். மேலைநாட்டவர் தடுமாறும் இந்த இடத்தை நாம் யோசிக்காமல் கடந்துவிடுவோம். 44 மெய்யெழுத்துகளும் ஐந்து தொனிகளும் உழைப்பைக் கேட்கும்தான். ஆனாலும் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால், முதல் பருவம் முடிவதற்குள் உணவுப் பட்டியலையும் பேருந்துப் பலகையையும் படித்துவிடலாம். சைவ உணவு உண்பவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, தேவையும்கூட. மஞ்சள் பலகையில் சிவப்பில் ‘เจ’ என்று எழுதியிருக்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. மற்ற கடைகளில் “காய்கறி மட்டும்” என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.

ஊர் சுற்றுவதற்குப் பள்ளி நாட்காட்டியையும் பருவமழையையும் சேர்த்து வைத்துத் திட்டமிடுங்கள். அக்டோபரில் தாய்லாந்தின் மேற்கிலுள்ள அந்தமான் கடற்கரையில் மழை விட்டிருக்காது. வடக்கே நவம்பர் முதல் ஜனவரி வரை இதமான குளிர். மார்ச், ஏப்ரலில் சியாங் மாய் பக்கம் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை சூழ்ந்திருக்கும், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். நக்கோன் சி தம்மராட்டில் வேலை கிடைத்தால், மகாதாட் பெருந்தூபிக்கு அருகிலேயே சிவனுக்கும் திருமாலுக்கும் உள்ள பழைய சிறு கோயில்களை வார இறுதியில் நடந்தே பார்க்கலாம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் குறிப்பிடும் மாதமாலிங்கம் இந்தப் பகுதி என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்குக் கரையில் தக்குவாபா. மணிக்கிராமத்தார் எனும் வணிகக் குழுவின் காவலில் விடப்பட்ட ஒரு குளத்தைப் பற்றிய ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். பாங்காக் சென்றால் வாட் சுதாட் எதிரே நிற்கும் சிவப்பு ஊஞ்சல் கம்பத்தையும், பக்கத்தில் அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானத்தையும் பாருங்கள். ஊஞ்சல் சடங்கு 1935இல் நின்றுவிட்டது, ஆனால் திருவெம்பாவையின் பெயரைத் தாங்கிய ‘த்ரியம்பவாய்’ விழா இன்றும் நடக்கிறது. தோன்புரி நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் காஞ்சனபுரிக்கும் ஒரு முறை போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில் பாதை அமைக்க ஜப்பானியர் பயன்படுத்திய போர்க்கைதிகளுக்கு அங்கே ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே ரயில் பாதையில் 1942-43இல் ஆயிரக்கணக்கில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. அந்தப் பாதையில் பயணம் செய்யும் தமிழர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு பயணம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாடகை ஸ்கூட்டரில் சுற்றுவது வழக்கம். ஆனால் இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் உரிமமும் தலைக்கவசமும் இல்லாமல் ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீடு கைவிட்டுவிடும். சாலை விபத்துகளில் உயிரிழப்பு அதிகமுள்ள நாடு அது. பணி அனுமதி வந்ததும் அந்நாட்டு ஓட்டுநர் உரிமத்தையே வாங்கிவிடுங்கள். லாவோஸுக்கோ மலேசியாவுக்கோ எல்லை தாண்டுவதானால், புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும்: ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800 பாத். அது இல்லாமல் வெளியேறினால் விசா அந்த நிமிடமே ரத்தாகும், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

வேலையை விடும்போதும் இதே கவனம் தேவை. உங்கள் தங்கும் அனுமதி அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது; வேலை முடியும் நாளோடு அதுவும் முடிந்துவிடும், மீறித் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத் அபராதம். ஆகவே அடுத்த பள்ளியின் ஆவணங்கள் தயாராகும் வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். கடைசி நாளன்று பணி அனுமதியை ரத்து செய்யும் கடிதம், அந்த ஆண்டின் வருமான வரிச் சான்று, தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் முத்திரையிட்ட அனுபவச் சான்று ஆகிய மூன்றையும் நேரில் வாங்கிக்கொண்டு, அவற்றின் நகலை மின்னஞ்சலிலும் சேமித்துவிட்டுப் பள்ளியிலிருந்து கிளம்புங்கள்.